"நினைத்துக்கொள்ளுங்கள்" என்று படிப்பித்த பள்ளிக்கூடம்

எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவள் நிரோஷினி. இத்தாலியில், பலெர்மோ நகரத்திலேயே பிறந்த பிள்ளை, மலர் தயாரிக்கும் குழுவில் இருக்கிறாள். "அன்ரி, நீங்கள் பென்சன் எடுத்திட்டீங்கள்தானே. இஞ்சை எங்கட ஆக்கள் முன்னேறின கதையை ஒரு மூண்டு பக்கத்தில எழுதித் தாங்கோ. வேலை செய்யேக்க எடுத்த படம் ஒண்டும் வேணும்" என்றாள். போகிற போக்கில் ஒரு செய்தியும் சொன்னாள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் முன்பு வேலை செய்த அதே கட்டடத்தில், வேலையில்லாத இளம் ஆட்களுக்கு ஐரோப்பாவின் காசில் புதுப் பயிற்சி ஒன்று தொடங்கப் போகிறார்களாம். வாசலில் ஐரோப்பாவின் நீலக் கொடி கூடக் கட்டியாயிற்றாம்.

எனக்கு அந்தக் கொடியைப் பற்றிக் கேட்டதுமே கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. முன்னேறின கதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். வேலையில்லாத மனிதர்களை வைத்து வேலையுள்ளவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதைத்தான் எழுதப்போகிறேன். போடுவதும் விடுவதும் நிரோஷினியின் பாடு.

என்னுடைய பயிற்சிக் காலம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. என் ஊர் பேசாலையில் தையல் பழகினேன், சண்டை வந்தது, ஊரை விட்டேன். பலெர்மோவுக்கு வந்து ஒரு சிஞ்ஞோராவின் (இங்கே 'அம்மா' என்று மரியாதையாகச் சொல்வது) வீட்டில் கூட்டித் துடைத்தேன். பளிங்குத் தரையை எத்தனை துணியால் துடைக்க வேண்டும், எந்த அலுமாரியைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அங்கே படித்தவைதான். தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சிஞ்ஞோரா மகளோடு ரோமுக்குப் போனபோது, தனக்குத் தெரிந்தவரின் பயிற்சிப் பள்ளியில் என்னைத் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டா.

பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற இடம் இல்லை. வேலை இழந்தவர்களும் வேலையே கிடைக்காதவர்களும் வந்து ஒரு தொழில் பழகுகிற இடம். காசு அரசாங்கத்திடமிருந்தும் ஐரோப்பாவிடமிருந்தும் வந்தது. ஒரு வருடம் கணினி, அடுத்த வருடம் தோட்டக்கலை, அதற்கடுத்த வருடம் ஹோட்டலில் பரிமாறுகிற வெயிற்றர் வேலை. பாடம் மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். கணினி படித்தவருக்கு வேலை கிடைக்காததால் தோட்டம் படிக்க வருவார். பலெர்மோவில் தோட்டக்காரர் தேவைப்பட்ட பணக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒரு மொரிசியஸ்காரரை வைத்திருந்தார்கள். ஆகவே தோட்டம் படித்தவர் வெயிற்றர் படிக்க வருவார். ஒரு வேலை இல்லாமல் போனால் அதற்குப் பதிலாக இன்னொரு வேலையை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. பாடத்தை உண்டாக்கினார்கள். பாடத்தால் வேலை கிடைத்தவர்கள் ஆசிரியர்கள், கணக்கர், இயக்குநர், இயக்குநரின் மச்சான். பிறகு நான்.

நான் சேர்ந்த வருடம் வெயிற்றர் பாடம். காலையில் போய் யன்னல்களைத் திறந்து, மண்டபத்தைக் கூட்டி, நீள மேசைக்கு வெள்ளை விரிப்புப் போட வேண்டும். மேசையின் நடுவில் அலுமாரியில் இருக்கிற மீனை எடுத்து வைக்க வேண்டும். அது பிளாஸ்ரிக் மீன். ஏதோ கடையின் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு இருந்ததை வாங்கி வந்திருந்தார்கள். கொடுவா அளவு, பளபளப்பு, கண் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். வைனுக்குப் பதிலாகப் போத்தலில் ஆறிய தேத்தண்ணி. அதை ஊற்றி வைப்பதும் என் வேலைதான்.

பாடம் தொடங்கும். மீனை விருந்தாளியின் முன்னால் வைத்து, இரண்டு கரண்டியால் தோலை நீக்கி, முள்ளை ஒரே இழுவையில் எடுத்து, சதையைத் தட்டில் வைக்கப் பழக்குவார்கள். பிளாஸ்ரிக்கில் எங்கே தோலை நீக்குவது? ஆசிரியர் சொல்வார், "இப்போது தோலை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது முள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்." மீசை நரைத்த ஆம்பிளைகள் வரிசையாக வந்து மீனுக்கு மேலே காற்றில் கரண்டியை அசைத்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிழமை போனதும் சிரிப்பு வரவில்லை. மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். மணமே இல்லாத அந்த மீனை அலுமாரியில் திருப்பி வைக்கும்போது அதன் கண்ணைப் பார்க்காமலே வைப்பேன்.

'டிரெத்தோரே' என்று நாங்கள் கூப்பிட்ட இயக்குநர் சத்தம் போட்டுப் பேசி நான் கண்டதில்லை. அதுதான் அவருடைய திறமை. யார் என்ன கேட்டு வந்தாலும் கதிரையை விட்டு எழும்புவார், தோளில் கை வைப்பார், வாசல் வரை கதைத்துக்கொண்டே நடந்து வருவார். வந்தவர் வெளியே நின்ற பிறகுதான் தனக்குப் பதில் கிடைக்கவில்லை என்று உணர்வார். கடைசிச் சொல் எப்போதும் "பத்சியென்சா". பொறுமை என்று அர்த்தம். நல்ல சொல்தான், கோயிலில் கேட்டால். அந்த மனிதரின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

படிக்க வந்தவர்களில் ஒருவர் நினோ. ஐம்பது தாண்டியவர். நகரத்துக்கு வெளியே இருந்த சேட்டுத் தைக்கிற ஆலையில் துணி வெட்டுகிறவராக இருந்து, ஆலையை மூடியதும் வீதிக்கு வந்தவர். கணினியும் படித்து, தோட்டமும் படித்து முடித்திருந்தார். அந்தக் கட்டடத்தில் என்னை 'சிஞ்ஞோரா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு நான் வெறும் ஜெசிந்தா. ஒருநாள் பின் வரிசையில் இருந்த ஒருவன் நான் கேட்கத்தக்கதாகவே, "எங்களுக்கு வேலை இல்லை, வெளிநாட்டுக்காரிக்கு இருக்குது" என்றான். நினோ திரும்பி, "அப்ப எழும்பி அந்த வாளியைத் தூக்கு. உனக்கு வாளி வேணுமோ, உன்ர ஆலை வேணுமோ? ஆலையை மூடினது இந்தச் சிஞ்ஞோராவோ?" என்று கேட்டார். அவர் கதைத்தது சிசிலி மொழி. எனக்குள் அது எங்கட தமிழாகத்தான் நிற்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

நினோவின் மனைவி ரொசாலியாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வந்தது. வுச்சீரியா சந்தைக்கு அவ கணவனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவா. படி வந்தால் அவர் கையைக் கொஞ்சம் உயர்த்துவார், பள்ளம் வந்தால் தாழ்த்துவார், அவ கதையை நிற்பாட்டாமலே நடப்பா. நினோவின் மைத்துனர் ஜெர்மனியில் கட்டட வேலையில் இருந்தார். வந்தால் வேலை எடுத்துத் தருவேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ரொசாலியாவைத் தனியே விட முடியாது, கூட்டிப் போகவும் முடியாது. நகரத்து வைத்தியர், தெருவின் ஒவ்வொரு கல், வீட்டுப் படிக்கட்டு என்று எல்லாம் அவவுக்கு இங்கேதான் பழக்கம். பலெர்மோவுக்குள் ஒரு வேலை, எந்த வேலையென்றாலும் சரி. நினோ கேட்டது அவ்வளவுதான்.

அதற்கு அவரிடம் ஒரு வாக்குறுதி இருந்தது. மொண்டெல்லோ கடற்கரையில் பெரிய ஹோட்டல் ஒன்று கட்டுகிறார்கள், இந்த வகுப்பை முடிக்கிறவர்கள் எல்லாரையும் அதில் வெயிற்றராக எடுப்பார்கள் என்று வகுப்புத் தொடங்கிய நாளில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வந்து சொல்லியிருந்தார். இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்களை 'ஒனொரேவொலே' என்று கூப்பிட வேண்டும். மாண்புக்குரியவர் என்று அர்த்தம். கட்சியின் பெயர் அந்த வருடங்களில் மாறியது, மனிதர் மாறவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிய என் ஒன்றுவிட்ட அண்ணன் அருளப்பு தனக்குக் காவல் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். மொண்டெல்லோவில் கட்டுகிற ஹோட்டலில் என்றார்.

"அப்ப கெதியில திறந்திடுவினமோ?" என்று கேட்டேன்.

"எதைத் திறக்கிறது? தூண் மட்டும்தான் நிக்குது. மேசன்மார் போய்க் கனகாலம். பாரம் தூக்கிற மெசினையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். கம்பியை ஆரும் களவெடுக்காமப் பாக்கத்தான் என்னை வைச்சிருக்கினம்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மேடையில் வாக்குறுதியாகச் சொன்ன ஹோட்டல் உண்டாக்கிய ஒரே வேலை, அருளப்பு அண்ணன் வெறும் தூண்களுக்குக் காவல் இருந்த வேலை. அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக நினோவிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். சேட்டு வெட்டிய கை, ஒரு சுருக்கம் விழாமல் மடிக்கும்.

"தெரியும், சிஞ்ஞோரா. நான் பஸ் எடுத்துப் போய்ப் பாத்தனான். வேலிக்கு அங்கால உங்கட ஆள் ஒராள் நிண்டவர். எனக்குத் தேத்தண்ணியும் தந்தவர்."

"பிறகேன் இஞ்சை வந்து இந்த மீனோட மல்லுக்கட்டுறீங்கள்?"

"காலமை நான் சப்பாத்துப் போடேக்க ரொசாலியா கேப்பா, இண்டைக்கு எங்கை போறியள் எண்டு. அவவுக்கு நான் ஒரு மறுமொழி சொல்லவேணும்" என்றார். பிறகு மெதுவாக, "சான்றிதழ் குடுக்கிற நாளைக்கு அந்த மனுசன் வருவார்தானே. முகத்துக்கு நேர கேக்கப்போறன். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லட்டும். நான் ஜெர்மனிக்குப் போறதோ விடுறதோ எண்டு முடிவெடுப்பன்" என்றார்.

சான்றிதழ் கொடுக்கிற நாள், அதிசயம் பாருங்கள், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. காசு கொடுத்த இடத்திலிருந்து பார்வையாளர்களும் வருவதாக இருந்தது. வெளியே இருந்து ஆள் எடுத்து உண்மையான சாப்பாடு சமைக்கச் சொன்னார் இயக்குநர். படித்தவர்கள் பரிமாற வேண்டும். ஆனால் படித்தவர்களில் சிலர் எப்போதோ வருவதை விட்டுவிட்டார்கள், கிடைத்த கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். வரிசை குறைவாகத் தெரியக்கூடாதே. இயக்குநர் என் தோளில் கை வைத்தார். "ஜெசிந்தா, நீயும் ஒரு வெள்ளை ஏப்ரனைப் போட்டுக்கொண்டு வரிசையில நில்லு" என்றார். ஒருவரும் ஒனொரேவொலேயிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்றும் எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

நான் நினோவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வெள்ளைத் துணியை மடித்து முன்கையில் போட்டிருந்தார். ஒனொரேவொலே வந்து முதலில் ஒரு பேச்சுப் பேசினார். வேலை என்பது யாரோ கையில் தருகிற பொருள் அல்ல, அது ஒரு மனநிலை என்றார். அவர் ஒரு நாளாவது வேலையில்லாமல் இருந்திருந்தால் அந்த வசனம் தொண்டைக்குள்ளேயே செத்திருக்கும். பேசிவிட்டு வரிசையில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். நினோவிடம் வந்தபோது நினோ கையை விடவில்லை.

"ஐயா, மொண்டெல்லோ ஹோட்டல் எப்ப திறக்கும்? நான் ஜெர்மனிக்குப் போறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கவேணும். மனுசிக்குக் கண் பார்வை குறைஞ்சுகொண்டு வருது" என்றார். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

"பத்சியென்சா, பத்சியென்சா" என்றார் மாண்புக்குரியவர். மற்றக் கையால் நினோவின் கன்னத்தில் தட்டினார். ஐம்பது வயது மனிதனின் கன்னத்தில்! எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டு காதில் கேட்கிறது.

பார்வையாளர்களில் ஒரு பெண்மணி இருந்தா. நல்ல மனுசி என்றுதான் நினைக்கிறேன். கேட்கவேண்டிய கேள்வியை அவதான் கேட்டா. இந்தப் பயிற்சியால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது? மொழிபெயர்க்க வந்தவன் அதை இத்தாலிய மொழியில் சொன்னதும் இயக்குநர் ஒனொரேவொலேயின் பக்கம் திரும்பினார். ஒனொரேவொலேக்கு வாய் அடைபடுமா? என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். "இதோ!" என்றார். "எவ்வளவோ தூரத்திலிருந்து வந்த பெண். இன்றைக்கு இவவுக்குச் சம்பளத்தோடு வேலை இருக்கிறது!"

அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்து, வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டா. நான் உண்மையைச் சொன்னேன். "நான் இஞ்சை படிக்கேல்லை. கூட்டித் துடைக்கிறனான்" என்றேன். மொழிபெயர்க்கிறவன் ஒனொரேவொலேயை ஒரு முறை பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ தெரியாது. நான் சொன்னது அவ்வளவு நீளம் இல்லை. பெண்மணி சந்தோஷமாகத் தலையாட்டினா. அந்த நேரத்தில் படம் எடுத்தார்கள். நடுவில் நான், என் தோளில் ஒனொரேவொலேயின் கை, மற்றப் பக்கத்தில் நினோ. படத்தில் என் முகம் சிரிக்கிற மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

எல்லாரும் மேசைக்குப் போனார்கள். நான் குசினிக்குள் வந்தேன். உண்மையான மீன்கள் தட்டுகளில் ஆவி பறக்க இருந்தன. நினோ அவற்றைத் தாண்டிப் போய் அலுமாரியைத் திறந்து பிளாஸ்ரிக் மீனை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. மீனின் முதுகில் தூசி படிந்திருந்தது. என் ஏப்ரனால் அதைத் துடைத்து, நல்ல வெள்ளித் தட்டில் எலுமிச்சந் துண்டு இரண்டும் வைத்துக் கொடுத்தேன். தேத்தண்ணிப் போத்தலையும் கொடுத்தேன்.

நினோ நேரே ஒனொரேவொலேயிடம் போனார். படிப்பித்தபடியே இடப்பக்கம் நின்று தட்டைக் காட்டினார். கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணியை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். இரண்டு கரண்டியை எடுத்துத் தோலை நீக்கினார், முள்ளை இழுத்தார், சதையைப் பரிமாறினார், எல்லாம் காற்றில். முடித்ததும் தலையைச் சாய்த்து, "சாப்பிட்டிட்டீங்கள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, ஐயா" என்றார்.

அந்த மனிதருக்கு முகம் கறுக்கும், எழும்பிப் போவார், ஒரு முறையாவது கூனிக் குறுகுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கை தட்டினார். "என்ன நகைச்சுவை! இதுதான் எங்கள் சிசிலி மக்கள்!" என்றார். இயக்குநர் உடனே கை தட்டினார். மேசை முழுக்கக் கை தட்டியது. பிறகு உண்மையான மீனைக் கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார்கள். நினோ கையில் கிடந்த துணியை மடித்துக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். சான்றிதழை எடுக்கவில்லை.

வேறு வழி இல்லாமல் அந்த மாதமே அவர் ரொசாலியாவை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனார். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் வழியனுப்ப ரொசாலியாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் வடக்கே போகிற ஆம்பிளைகள் நிறையப் பேர் நின்றார்கள். ரயில் ஏறுவதற்கு முன் நினோ மனைவியின் கையை எடுத்து என் கையில் வைத்தார். "படி வந்தால் உயர்த்துங்கோ, சிஞ்ஞோரா" என்று மட்டும் சொன்னார். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்ள, சனிக்கிழமைகளில் நான் அவவை வுச்சீரியாவுக்குக் கூட்டிப் போவேன். எனக்கு அந்தக் கைப்பழக்கம் சரியாக வரவே இல்லை. அவ பல தடவை தடுக்கினா, ஒரு தடவையும் குறை சொல்லவில்லை. ஆகஸ்டில் மட்டும் நினோ வருவார். இரண்டாவது முறை வந்தபோது ரொசாலியாவுக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது. விரலால் அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்து, "மெலிஞ்சு போனீங்கள்" என்றா. நினோ யன்னல் பக்கம் திரும்பினார்.

நினோ போய்ச் சில கிழமைக்குள் அடுத்த பாடத்துக்கான சுவரொட்டி வந்தது. "வேலை இங்கே தொடங்குகிறது" என்று பெரிய எழுத்து. கீழே என்னுடைய படம், வெள்ளை ஏப்ரனோடு. ஒனொரேவொலேயின் முகம் ஒரு பக்கம் முழுசாக இருந்தது. மற்றப் பக்கத்தை வெட்டியிருந்தார்கள். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முன்கையும் அதில் மடித்த வெள்ளைத் துணியும் மட்டும் மிச்சம். ஆள் இல்லை. இயக்குநரின் மச்சான் அதை வாசல் கதவு நிறைய ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

நான் சுடுதண்ணி வாளியும் தேய்க்கிற கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தேன். கதவு பழைய மரம். கீறல் விழாமல் ஒவ்வொன்றாக ஊறவைத்து உரித்தேன். இயக்குநர் வந்து பார்த்தார். அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன்.

"இதை ஆர் கழட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, டிரெத்தோரே. கதவு ஊத்தையாக் கிடந்தது. துப்புரவாக்கிறதுதான் என்ர வேலை."

"உனக்கு இஞ்சை வேலை வேணுமோ வேண்டாமோ?"

"பத்சியென்சா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாத முடிவில் என்னை நிறுத்தினார்கள். பிறகு பென்சன் எடுக்கும் வரை வீடுகளில்தான் வேலை செய்தேன். மொண்டெல்லோவில் அந்தத் தூண்கள் கனகாலம் நின்றன. அருளப்பு அண்ணன் போய் வேறு காவல்காரர் வந்தார். வேலை எங்கே என்று கேட்ட ஒரு தலைமுறையை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நீலக் கொடி கட்டுகிறார்கள். நினோ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஹோட்டல் எப்போது திறக்கும்? ஒருவரும் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

நிரோஷினி, நீ கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வேலை செய்த காலத்தில் என்னை ஒருவரும் வேறு படம் எடுத்ததில்லை. கதவில் உரித்ததில் கிழியாமல் வந்த துண்டு இது. ஒனொரேவொலே இருந்த பக்கத்தை நானே வெட்டிவிட்டேன், அதைத் தேடாதே. ஆனால் மலரில் போடும்போது அளவு பார்த்துக் குறைக்கிறேன் என்று என் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியோடு தெரிகிற கையை வெட்டிவிடாதே. கீழே என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. 'நினோவின் கை' என்று போடு.